கடுகின் கைராசி

திருகாணி என்று எல்லாரும் கூப்பிடும் பெண் கீழ்த்தளத்தில் பட்டனை அமுக்கியதும் லிஃப்ட் கதவு திறந்தது. உள்ளே ஏற்கெனவே ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். தோளில் பள்ளிப்பை, கழுத்தில் தண்ணீர் பாட்டில். திருகாணியின் தங்கை கடுகுதான்.

"இங்க என்னடி பண்ற?"

"வீட்டுக்குப் போறேன்."

"நீ எனக்கு முன்னாடியே வந்துட்டியே. எவ்ளோ நேரமா உள்ள நிக்கற?"

"கொஞ்ச நேரமா. யாராவது வந்து பட்டன அமுக்குவாங்கன்னு பாத்துட்டிருந்தேன்."

"ஏன், எட்டலையா?"

"எட்டுது. ஆனா நான் தொட்டா லிஃப்ட் நின்னுடும்க்கா. என் கைக்கு ராசி கிடையாது."

திருகாணிக்குச் சிரிப்பு வந்தது. தங்கையின் முகத்தைப் பார்த்ததும் அது பாதியிலேயே நின்றுவிட்டது. போன மாதம் வரை இதே லிஃப்டில் ஐந்து மாடிப் பட்டன்களையும் வரிசையாக அமுக்கிவிட்டு ஓடிவிடுகிறவள் இவள்தான். வயது ஏழு. ஆள் சிறிசு, வாய் பெரிசு. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்று சொல்லிச் சொல்லியே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. அந்தக் கடுகு இப்போது இரண்டு கைகளையும் பைப்பட்டைக்குள் ஒளித்துக்கொண்டு நின்றாள்.

அன்று மாலை திருகாணி அவளைக் கவனித்தாள். கடுகு விளக்கைப் போட அம்மாவைக் கூப்பிட்டாள். ஃபோன் அடித்தபோது எடுக்காமல், "ஃபோன் அடிக்குது, ஃபோன் அடிக்குது" என்று கத்திக்கொண்டே அதைச் சுற்றி வந்தாள். அம்மாவுக்கு அது விளையாட்டாகத் தெரிந்தது. திருகாணிக்கு அப்படித் தெரியவில்லை.

இதற்கெல்லாம் காரணம் ஒரு பிஸ்கட் டப்பா.

திருகாணிக்குப் பதினொரு வயது. அவள் பாக்கெட்டில் எப்போதும் இரண்டு திருகாணியாவது இருக்கும், அதனால் வந்த பெயர்தான் அது. துணி துவைக்கும் மெஷினுக்குள் கடகடவென்று சத்தம் வந்தால் அம்மா வேறு யாரையும் கேட்க மாட்டார், நேராக அவளைத்தான் பார்ப்பார். போன விடுமுறையில் அவள் ஒரு விளையாட்டுப் பெட்டி செய்திருந்தாள். காலி பிஸ்கட் டப்பாவுக்குள் அட்டை ஒட்டி, அதன்மேல் உள்ளங்கை அளவு குட்டிக் கணினி ஒன்றைப் பொருத்தி, டிவியோடு இணைத்துவிட்டாள். அப்பா பையனாக இருந்தபோது ஆடியது போன்ற பழைய விளையாட்டுகள் அதில் ஓடும். கார்கள் கட்டம் கட்டமாகத் தெரியும். மரங்கள் எல்லாம் பச்சை முக்கோணங்கள். ஆனாலும் ஆட உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது.

நான்கு பேர் ஆட நான்கு கன்ட்ரோலர் வேண்டும். குட்டிக் கணினியில் காலியாக இருந்ததோ ஒரே ஒரு யூஎஸ்பி துளை. அதனால் அதில் ஒரு ஹப்பைச் செருகியிருந்தாள். ஒரு துளையை நான்கு துளையாக்கித் தரும் சின்னப் பெட்டிதான் ஹப். அம்மா வேலை பார்க்கும் நூலகத்தில் பழசு என்று ஒதுக்கியதை அம்மா கேட்டு வாங்கி வந்திருந்தார்.

கார் பந்தயத்துக்கு மாடி வீட்டு ரெட்டையர்கள் வருவார்கள். மூத்த ரெட்டை இளைய ரெட்டையைவிட நான்கு நிமிடம் பெரியவன். அந்த நான்கு நிமிடத்தைப் பன்னிரண்டு வருடமாகச் சொல்லிக் காட்டிக்கொண்டிருக்கிறான். இருக்கும் நான்கு கன்ட்ரோலர்களில் நல்லதைத் திருகாணி தன் தங்கைக்குக் கொடுத்திருந்தாள். கார் மோதினால் கைக்குள் உறுமி நடுங்குவது அது ஒன்றுதான். கடுகு கட்டிலில் உட்கார்ந்துதான் ஆடுவாள் என்பதால் அதற்கு மட்டும் நீளமாக ஒரு வயரையும் சேர்த்துக் கொடுத்தாள்.

அந்தக் கன்ட்ரோலர்தான் ஆட்டத்தின் நடுவில் அணைந்துகொண்டே இருந்தது. மற்ற மூன்றுக்கும் ஒன்றும் ஆகாது. கடுகின் கார் மட்டும் நடுரோட்டில் நின்றுவிடும். முதல் வாரம் எல்லாரும் சிரித்தார்கள். இரண்டாம் வாரம் இளைய ரெட்டை, "உன் கைக்கு ராசியே இல்ல. நீ தொட்டாலே எல்லாம் படுத்துடுது" என்றான். அவன் சும்மாதான் சொன்னான். சும்மா சொன்னதுதான் கடுகின் மனதில் போய் உட்கார்ந்துகொண்டது.

வியாழக்கிழமை மாலை ரெட்டையர்கள் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கோப்பைப் பந்தயம். மேல் வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் போட்டி. கோப்பை என்பது மஞ்சள் பெயின்ட் அடித்த தயிர் டப்பா.

"உங்க அணிக்கு எதிர் வீட்டுச் சோடாபுட்டியச் சேத்துக்கோ," என்றான் மூத்த ரெட்டை. "நல்லா ஓட்டுவான். கடுகு ஆடினா பாதியிலயே நின்னுடும். அப்புறம் ஜெயிச்சாலும் எங்களுக்குப் பெருமையில்ல."

"கடுகுதான் ஆடுவா."

"அவ கன்ட்ரோலர் அணைஞ்சா?"

"அணையாது. ஞாயித்துக்கிழமைக்குள்ள சரி பண்ணிடுவேன்."

அவர்கள் போனதும் கடுகு அக்காவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நீ அந்த அண்ணனையே சேத்துக்கோக்கா. நான் கை தட்டறேன்," என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "கை தட்டினா ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று கேட்டாள்.

திருகாணி எழுந்துபோய் ஒரு நோட்டை எடுத்து வந்தாள். முதல் பக்கத்தில் 'இது கையா, கட்டையா?' என்று பெரிதாக எழுதினாள். கன்ட்ரோலரைத்தான் அவள் கட்டை என்பாள். பார்த்தே தீருவது என்று முடிவு செய்துவிட்டாள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும் என்பது அவள் வழக்கம். இரண்டை மாற்றினால் எதனால் சரியானது என்றே தெரியாது. கடுகைக் கெஞ்சி ஆட உட்கார வைத்து, முதலில் அவளுடைய கன்ட்ரோலரை ஹப்பின் வேறு துளையில் செருகினாள். அணைந்தது. அடுத்த துளை. அங்கேயும் அணைந்தது. மற்ற மூன்றையும் பிடுங்கிவிட்டு அதை மட்டும் வைத்து மறுபடி கெஞ்சி ஆட வைத்தாள். இந்தத் தடவை கடுகு பயந்துபோய் ஒரு விரலால் தொட்டுத் தொட்டு ஆடினாள். அணையவில்லை.

"பாத்தியா? உன் கையிலயே நல்லா இருக்கு."

"நான் ஒரு விரல்தானே வச்சேன். முழுக் கையும் வச்சா தெரியும்," என்றாள் கடுகு.

வெள்ளிக்கிழமை நடந்ததுதான் மோசம். நான்கு கன்ட்ரோலர்களும் செருகியிருந்தன. ரெட்டையர்கள் தங்களுடையதை எடுத்துக்கொண்டார்கள். கடுகுடையதைத் திருகாணியே எடுத்துக்கொண்டு, கட்டிலில் கடுகின் இடத்திலேயே உட்கார்ந்தாள். அரை மணி நேரம் ஓட்டினாள். வளைவுகளில் வளைந்தாள், எல்லாரையும் முந்தினாள். கன்ட்ரோலர் ஒரு தடவைகூட அணையவில்லை.

எல்லாரும் கடுகைப் பார்த்தார்கள்.

"அதே கட்டை, அதே வயர், அதே இடம்," என்று இளைய ரெட்டை மெதுவாகச் சொன்னான். "கை மட்டும்தான் வேற."

கடுகு எழுந்து உள்ளறைக்குப் போனாள். அவள் அழுதிருந்தால்கூடத் திருகாணிக்குப் பரவாயில்லை என்றிருக்கும். அவள் அழவில்லை. தெரிந்த விஷயம்தானே என்பது போலப் போனாள். அதுதான் தாங்கவில்லை. தங்கைக்கு உதவப் போய், இருந்த கொஞ்ச நம்பிக்கையையும் தானே கெடுத்துவிட்டோமே என்று திருகாணிக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. நோட்டில் அன்று எதுவும் எழுதவில்லை.

சனிக்கிழமை காலை அவள் நோட்டோடு கடுகிடம் போனாள்.

"நீ ஆட வேண்டாம். நீ எப்படி ஓட்டுவன்னு மட்டும் சொல்லு."

"எல்லாரும் மாதிரிதான்."

"இல்ல, சரியாச் சொல்லு. ஆட்டம் ஆரம்பிச்சதும் என்ன பண்ணுவ?"

"நேராப் போவேன்."

"வளைவு வந்தா?"

"அப்பவும் நேராத்தான் போவேன்," என்றாள் கடுகு. "சுவத்துல இடிக்கும். அப்ப கட்டை நடுங்கும். உள்ளங்கையில கிச்சுகிச்சு மூட்டற மாதிரியே இருக்கும்க்கா. அதுக்காகத் திரும்பவும் இடிப்பேன்."

திருகாணி பென்சிலைக் கீழே வைத்தாள்.

"வேணும்னேவா இடிப்ப?"

"பின்ன, ஜெயிக்கவா ஆடறாங்க?"

இது திருகாணிக்குத் தோன்றவே இல்லை. அவள் நன்றாக ஓட்டுகிறவள். அரை மணி நேரத்தில் ஒரு முறைகூட மோதவில்லை. அவள் கையில் கன்ட்ரோலர் ஒரு முறைகூட நடுங்கவும் இல்லை. கடுகின் இடத்தில் உட்கார்ந்தாளே தவிர, கடுகு மாதிரி ஆடவில்லை.

ஓடிப்போய் டப்பாவைப் போட்டாள். நான்கு கன்ட்ரோலர்களையும் செருகி, கடுகுடையதைக் கையில் எடுத்தாள். வளைவு வந்தது. நேராகப் போனாள். டமார். கன்ட்ரோலர் உறுமியது. மறுபடி டமார். மூன்றாவது டமாரில் அது மூச்சுக்காட்டாமல் அணைந்தது.

கதவோரம் நின்று எட்டிப் பார்த்த கடுகு, "ஐயோ, உனக்கும் ஒட்டிக்கிச்சு," என்றாள்.

திருகாணி சந்தோஷமாகத் தலையாட்டினாள். தன் கையில் ஒரு பொருள் கெட்டுப்போனதற்காக அவள் சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

இனி விடுவாளா? மற்ற கன்ட்ரோலர்களில் ஒன்றைப் பிடுங்கிவிட்டு இடித்தாள். பத்துத் தடவை இடித்தும் அணையவில்லை. பிடுங்கியதைத் திரும்பச் செருகி இடித்தாள். உடனே அணைந்தது. நோட்டில் எழுதினாள்: 'மூன்று இருந்தால் நடுங்கலாம். நான்கு இருந்தால் நடுங்கினால் அணையும்.' ஆனால் ஏன்? அதுதான் பிடிபடவில்லை. மதியம் வரை தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மதியம் அப்பா வந்தார். அப்பா தச்சர். தலை முழுக்க மரத்தூளோடு வந்து, நேராகக் குளிக்கப் போவார். கொஞ்ச நேரத்தில் குளியலறையிலிருந்து வழக்கமான சத்தம் வந்தது.

"யாரது சமையலறைல குழாயத் திறந்தது? இங்க தண்ணி நூலாட்டம் வருது. கண்ணெல்லாம் சோப்பு."

"பாத்திரம் கழுவ வேண்டாமா?" என்றார் அம்மா, குழாயை மூடாமலே.

"ரெண்டு நிமிஷம் மூடும்மா. கண்ணு எரியுது."

இந்தச் சண்டை அந்த வீட்டில் தினமும் நடப்பதுதான். இன்றைக்குத்தான் திருகாணிக்கு அது காதில் விழுந்தது. வருவது ஒரே குழாயில். அம்மா திறந்தால் அப்பாவுக்கு இல்லை. நான்கு கன்ட்ரோலர்களும் குடிப்பது ஒரே துளை வழியாக வரும் மின்சாரத்தைத்தான். நடுங்குகிற கன்ட்ரோலருக்கு மற்றவற்றைவிடத் தாகம் அதிகம். போதாததற்கு அதற்குத்தான் நீள வயர், அவ்வளவு தூரம் போய்ச் சேர்வதற்குள் இன்னும் குறையும். நடுங்கும்போது கேட்கும் அளவு கிடைக்காமல் அது மயங்கி விழுகிறது.

"அப்பா, உங்க கண்ணுக்கு ரொம்ப நன்றி," என்று கத்தினாள்.

"என்ன நக்கலா?" என்றார் அப்பா உள்ளேயிருந்து.

அப்படியானால் ஹப்புக்கு வேறு வழியாகவும் மின்சாரம் வர வேண்டும். அதற்கு எங்கேயாவது வழி இருக்கிறதா? ஹப்பைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். முன்னால் நான்கு துளைகள். பின்னால் கணினிக்குப் போகும் வயர். பக்கவாட்டில் ஒரு வெள்ளி நட்சத்திர ஸ்டிக்கர்.

அந்த ஸ்டிக்கரை ஒட்டியது அவளேதான். டப்பா செய்து முடித்த அன்று, அதன் மேலெல்லாம் நட்சத்திரம் ஒட்டி அழகு பார்த்தாள். ஹப்பின் பக்கவாட்டில் ஏதோ ஓட்டை அசிங்கமாகத் தெரிகிறதே என்று அதன்மேலும் ஒன்றை ஒட்டினாள்.

நகத்தால் ஸ்டிக்கரைச் சுரண்டினாள். உள்ளே வட்டமாக ஒரு துளை. அடாப்டர் செருகுவதற்கென்றே இருந்த துளை.

திருகாணிக்குக் காதெல்லாம் சூடானது. ஒரு மாதமாகத் தங்கை விளக்கைக்கூடத் தொடாமல் திரிகிறாள். அதற்குக் காரணம், தான் அழகுக்கு ஒட்டிய நட்சத்திரம்.

வயர்கள் எல்லாம் நூடுல்ஸ் மாதிரி பின்னிக்கிடக்கும் பெட்டி ஒன்று அந்த வீட்டில் இருந்தது. அதைக் கவிழ்த்தாள். அதிலிருந்த ஒரு கறுப்பு அடாப்டர் ஹப்பின் துளையில் கச்சிதமாகப் பொருந்தியது. சுவரில் செருகுவதற்கு முன் அதன் முதுகைப் படித்தாள். 12 வோல்ட் என்று இருந்தது. ஹப்பின் அடியில் 5 வோல்ட் என்று இருந்தது, அதற்கு மேல் கொடுத்தால் கருகிவிடும். செருகிப் பார்த்துவிடலாமா என்று கை துறுதுறுத்தது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று அம்மா தன்னைப் பார்த்துச் சொல்வது நினைவுக்கு வந்தது. உருவி ஓரமாக வைத்தாள்.

"அம்மா, ஹப்போட வந்த அடாப்டர் எங்க?"

"அது அன்னிக்கே போயிடுச்சே," என்றார் அம்மா. "உங்கப்பாவோட காத்தாடியப் பாரு."

அப்பா சாப்பிட உட்கார்ந்திருந்தார். தட்டுக்குப் பக்கத்தில் கையளவு மின்விசிறி ஒன்று அவர் முகத்துக்கு நேராகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் வயரின் முடிவில், 5 வோல்ட் அடாப்டர்.

"அப்பா, ஒரு அவசரம்," என்று திருகாணி அதை உருவினாள்.

"சாப்பிடறப்ப என் காத்தப் பிடுங்கறியே, நியாயமா?"

திருகாணி விஷயத்தைச் சொன்னாள். அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். உள்ளறையில் கடுகு தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தது கேட்டது.

"எடுத்துக்கோ," என்றார். "காத்து ஜன்னல் வழியாவும் வரும்."

ஞாயிற்றுக்கிழமை மாலை ரெட்டையர்கள் மஞ்சள் கோப்பையோடு வந்தார்கள். கடுகு கட்டிலின் மூலையில், கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். திருகாணி இன்னும் அடாப்டரைச் செருகவில்லை. நடுங்கும் கன்ட்ரோலரை மூத்த ரெட்டையிடம் நீட்டினாள்.

"இத வச்சுக்கிட்டு சுவத்துல இடி."

"எதுக்கு?"

"இடியேன்."

அவன் இடித்தான். இரண்டாவது இடியில் கன்ட்ரோலர் அணைந்தது. அவன் அதைத் தட்டிப் பார்த்தான், உதறிப் பார்த்தான்.

"உன் கைக்கும் ராசி இல்ல போல," என்றான் இளைய ரெட்டை. அண்ணனைக் கிண்டல் செய்யக் கிடைத்த வாய்ப்பை அவன் என்றைக்கும் விட்டதில்லை.

"நீயும் பிடி," என்றாள் திருகாணி. அவன் கையிலும் அணைந்தது. அவனுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

"யார் பிடிச்சு இடிச்சாலும் இப்படித்தான் ஆகும். இதுக்குப் போற கரன்ட் போதல," என்றாள். "போதாமப் பண்ணினது நான். கரன்ட் வர்ற துளைய நட்சத்திரம் ஒட்டி மூடிட்டேன். ராசி இல்லாத கைன்னு ஒண்ணு இருந்தா அது என்னுதுதான்."

கடுகு அக்காவை நிமிர்ந்து பார்த்தாள். திருகாணி அடாப்டர் வயரை அவளிடம் நீட்டினாள்.

"நீ செருகு."

"நானா?"

"நீதான்."

கடுகு கையை வெளியே எடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு எடுத்தாள். பாவாடையில் துடைத்தாள். வயரை வாங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஹப்பின் துளையில் மெதுவாகச் செருகினாள்.

இதுவரை யாரும் பார்த்திராத ஒரு சின்னப் பச்சை விளக்கு ஹப்பின் ஓரத்தில் எரிந்தது.

கடுகு கையை எடுத்தாள். விளக்கு அணையவில்லை. மறுபடி தொட்டாள். அப்போதும் அணையவில்லை. தன் உள்ளங்கையைத் திருப்பி ஒரு முறை பார்த்துக்கொண்டாள்.

இளைய ரெட்டை தரையைப் பார்த்துக்கொண்டு, "நான் சும்மா சொன்னேன் கடுகு. ஸாரி," என்றான். பிறகு கீழே கிடந்த நீள வயரை எடுத்து, சிக்கல் பிரித்து, கட்டில் வரை அவனே இழுத்துக் கொடுத்தான்.

பந்தயம் ஆரம்பித்தது. முதல் வளைவு வந்தது. கடுகு நேராகப் போனாள். டமார். எல்லாரும் அவள் கையையே பார்த்தார்கள், அதில் மூத்த ரெட்டையின் கார் பள்ளத்தில் விழுந்தது. கன்ட்ரோலர் உறுமி நடுங்கியது. அணையவில்லை. கடுகு முழுக் கையாலும் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அடுத்த சுவரைத் தேடிப் போனாள்.

கோப்பை மேல் வீட்டுக்குத்தான் போனது. கடுகு கடைசியாக வந்தாள். கடைசி என்றால் சாதாரணக் கடைசி இல்லை, மற்ற மூன்று பேரும் முடித்துவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தபோதும் அவள் இடித்துக்கொண்டிருந்தாள்.

"பதினேழு தடவ இடிச்சேன்," என்று எல்லாரிடமும் சொன்னாள். "ஒரு தடவகூட அணையல."

"அந்த நடுங்கற கட்டைய ஒரே ஒரு ஆட்டம் குடேன்," என்று மூத்த ரெட்டை கெஞ்சினான். வரிசையில் நிற்கச் சொன்னாள் கடுகு.

ரெட்டையர்கள் கிளம்பிப்போன பிறகு வீட்டில் டக் டக் என்று ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. கூடத்து விளக்கு எரிந்தது, அணைந்தது. மின்விசிறி சுற்றியது, நின்றது. சமையலறை விளக்கு இரண்டு தடவை கண்ணடித்தது. அம்மா புத்தகத்திலிருந்து நிமிர்ந்து பார்த்துவிட்டு சிரித்துக்கொண்டார். குளியலறை விளக்கின் சுவிட்ச் வெளியேதான் இருந்தது. அதுவும் டக் என்றது.

"யாரது லைட்ட அணைச்சது?" என்று இருட்டுக்குள்ளிருந்து அப்பா கத்தினார். "கண்ணெல்லாம் சோப்பு."

"நாந்தான்," என்றாள் கடுகு பெருமையாக. "இருங்க, நானே போடறேன்."